வாசலுக்கு வெளியே சித்தி

மலேசியத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொள்வேன். அதுவரை அம்மாவாக இருந்தவள் அதன்பிறகு சித்தி. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் வெளியே எனக்கு அம்மா. பேசக் கற்றுக்கொண்டபோதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கணக்கு எழுதும் எஸ்டேட் கிராணி முன்னால் மறந்துபோய் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மா திரும்பியே பார்க்கவில்லை. ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு அடித்தாள்.

காரணம் பெரிதில்லை. என்னைப் பெற்றவளிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு எதுவும் கிடையாது. நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அவள் பெயரில் என்னைப் பதிந்தால் நானும் காகிதம் இல்லாமல் அலைவேன் என்று பெரியம்மா பயந்திருக்கிறார். அவருக்கும் அவர் புருஷனுக்கும் குடிமக்களுக்கான நீல ஐ.சி., பதிவுத் திருமணம், ஏற்கெனவே இரண்டு பையன்கள். "எம் பேருல போட்டுக்கலாம்லா. பேப்பருக்குப் பசிக்கவா போவுது?" என்று சொல்லி, கோப்பெங் டவுன் பதிவு ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய், என்னைத் தன் பிள்ளை என்று பதிந்துவிட்டு வந்தார். சொந்தமே இல்லாத ஒருத்தி எனக்காகச் சொன்ன பொய் அது. எங்கள் தோட்டத்தில் வேறு சிலரும் இப்படிச் செய்திருந்தார்கள். எல்லாரும் நிம்மதியாகத்தான் தூங்கினார்கள். எனக்குத்தான் தூக்கம் வராது.

பன்னிரண்டு வயதில் ஐ.சி. எடுக்கப் போனபோது, முகம் ஒத்துப்போகவில்லையே என்று அந்த அதிகாரி சும்மா கேட்டார். "அப்பன் மூஞ்சி, என்னா செய்ய" என்றார் பெரியம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் மேசைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் நிரப்பச் சொல்லி எந்த விண்ணப்பப் பாரம் கொடுத்தாலும், 'தாயின் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றேன். வீட்டுக் கஷ்டம் என்று வெளியே சொன்னோம். படிப்பை நிறுத்தினால் பாரம் எழுத வேண்டியதில்லை என்று நினைத்ததுதான் உண்மை. கையுறை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பாரம் நீட்டினார்கள்.

தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் ஈப்போவுக்கு, அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தமிழ் மிஸி ஒருத்தி, அந்த வார்டு நர்ஸ், வந்து, "நீங்க இவங்களுக்கு என்னா வேணும்?" என்று கேட்டாள். அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது. யோசிக்கவே இல்லை. நாற்பது வருடப் பழக்கம், தானாக வந்தது. "எனக்குச் சித்தி" என்றேன். அம்மா கண் திறக்கவில்லை. ஆனால் அதுவரை என்னைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்துவிட்டார். "மிஸி, பொய் சொல்றா இவ. இது அவ பெத்த புள்ள. பேப்பர்லதான் என் மக." நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். மிஸி சிரித்தாள். "அய்யோ, அதெல்லாம் எனக்கு எதுக்குலா பாட்டி? ஒரு போன் நம்பர் குடுங்க, போதும்."

அவ்வளவுதான். போலீஸ் வரவில்லை, யாரும் முறைக்கக்கூட இல்லை. இரண்டு நாளில் அம்மா போய்விட்டாள். பெரியம்மா சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. நான் சொன்னது விழுந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது பெரியம்மா என்னோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. அவர் பையன்கள் ஜொகூரில். பெரியம்மாவை வெளியே கூட்டிப்போனால், எவர் கேட்டாலும் பயமில்லாமல் "அம்மா" என்று சொல்லிவிடலாம், ஐ.சி.யும் அதைத்தான் சொல்கிறது. சொல்லும்போதெல்லாம் யாரிடமிருந்தோ பறித்ததைக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. பெரியம்மாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். போன வாரம், அம்மாவின் திதியன்று, படத்துக்கு முன்னால் இலை போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடுவது வெளியே கேட்காதபடி வழக்கம்போல் வாசல் கதவைச் சாத்தப் போனேன்.

"தெறந்தே கெடக்கட்டும். கூப்புடு."

"வாரேன் பெரிம்மா, மொதல்ல கதவ..."

"பயந்தாங்கொள்ளி! செத்தவளுக்குக் கேக்கற மாதிரி கூப்புடு."

கூப்பிட்டேன். "அம்மா, சாப்பிட வா." குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீன அக்கா எட்டிப் பார்த்து, படத்தைக் காட்டி, யார் அது என்று மலாயில் கேட்டாள்.

"என் அம்மா" என்றேன்.

"அப்போ உள்ளே இருக்கும் கிழவி?"

"அதுவும் அம்மாதான்."

தலையை ஆட்டிவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளும் போட்டேன், கதவில் காதை வைத்து நின்றேன். லிப்ட் ஏறி வரும் சத்தம் கேட்டது. எங்கள் மாடியில் நிற்காமல் மேலே போனது.

"யாரும் வர்லலா" என்றார் பெரியம்மா. "வந்து சோத்த வை. அவ காத்துக்கிட்டு இருக்கா."