ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம்

என் அப்பா இருபத்தாறு வருடம் எலிகளுக்கு ஊழியம் செய்தார். மனிதர்களுக்கு ஊழியம் செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்து முதலாளியை நாலு வார்த்தை திட்டவாவது செய்வார்கள். அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக்கூடத்தில் அவருக்கு வேலை. கூண்டுகளில் மரத்தூள் மாற்றுவது, தீனி வைப்பது, தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி மாட்டுவது, ஒவ்வொரு எலியாக வாலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைத்து எடையை எழுதுவது.

அங்கே எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். எடை போடுவதால் மட்டும் வந்த பெயர் இல்லை. ஓர் ஆரஞ்சில் பத்துச் சுளை இருந்து வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தால், மிஞ்சிய ஒரு சுளையைக் கத்தியால் மூன்றாக வெட்டுகிற மனுஷர் அவர். சாறெல்லாம் தட்டோடு போய்விடும்.

"அதை எனக்கே குடுத்துத் தொலையுங்களேன். யாரு உங்க மேல கேஸ் போடப் போறாங்க?" என்று அம்மா சிரிப்பாள்.

அம்மாவின் கண்ணிமை ஓரங்களில் மஞ்சளாக இரண்டு சின்னத் தடிப்புகள் இருந்தன. அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. எந்தச் செருப்பும் அங்கே கடிக்கும். செருப்புக் கடைக்காரனைத் திட்டுவாளே தவிர, வேறு யாரையும் சந்தேகப்படத் தோன்றவில்லை. முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் காலை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையில் கிளிப்போடு அப்படியே உட்கார்ந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டபோது சாய்ந்துவிட்டாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

காரியங்கள் முடிந்த பிறகு டாக்டர் என் இரத்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். இரத்தத்தில் ஓடும் கொழுப்பை ஈரல் உள்ளே இழுத்துக்கொள்ள அதன்மேல் வாசல்கள் இருக்குமாம். அம்மாவுக்குப் பிறவியிலேயே அதில் பாதி மூடிக்கிடந்தது. எனக்கும் அப்படியே. அம்மாவிடமிருந்து மற்றப் பெண்களுக்கு நகை வரும், எனக்கு இது வந்தது.

"வெளியில யாருகிட்டயும் சொல்லாத. நாளைக்கு உனக்கு ஒரு வரன் பார்க்கணும்," என்றார் அப்பா. நிலையத்தில் மருத்துவ அட்டை போட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியும். அந்த அட்டையில்தான் என் மாத்திரைகளும் பரிசோதனைகளும் நடந்தன. அட்டை அப்பாவின் வேலையோடு ஒட்டியது.

அதற்குப் பிறகு அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக நினைவில்லை. இமைகளைத்தான் பார்ப்பார். நான் மதியம் படுத்திருந்தால் கழுத்தில் இரண்டு விரல் வந்து உட்காரும். விழித்தால், "கொசு" என்பார். எங்கள் வீட்டில் அவ்வளவு கொசு கிடையாது.

எனக்குப் பதினைந்து வயதானபோது நிலையத்துக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். நான் அவளை அக்கா என்றேன். விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனால், கையுறையைக் கழற்றிவிட்டு என் சடையை இழுத்துவிட்டுப் போவாள். அப்பாவிடம் தன் வேலையைப் பற்றிப் பேச வெட்கப்படாத முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் அவரிடம் "கூண்டு ரெடியா?" என்பதோடு சரி.

அவள் சொன்னதை அப்பா மனப்பாடமாக வைத்திருந்து எனக்குச் சொல்வார்.

"கொழுப்பு ஜாஸ்தியானா இரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள நுழைஞ்சு ஒட்டிக்கும்மா. அதைப் பெருக்கி அள்ள வெள்ளை அணுன்னு ஒருத்தன் வருவான். என்னை மாதிரி கிளீனிங் ஆளு. வந்தவன் அள்ளி அள்ளித் தின்னு, வயிறு ஊதி, நகர முடியாம அங்கேயே செத்துப் போவான். சாகும்போது சும்மா சாக மாட்டான், இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுட்டுத்தான் சாவான். அவனுங்களும் வந்து தின்னுட்டுச் சாவானுங்க. கடைசியில சுவருக்குள்ள ஆறாத புண்ணு. வெளியில ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் அது வெடிச்சா, அந்த இடத்துல இரத்தம் உறைஞ்சு வழியை அடைச்சிடும்."

உங்கம்மாவுக்கு நடந்தது அதுதான் என்று அவர் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

அக்காவின் மருந்து கொழுப்பைத் தொடாது. அந்தக் கூப்பாட்டை மட்டும் அடக்கும். கூப்பாடு நின்றால் புண் பெருகாது என்பது அவள் கணக்கு. அதைச் சோதிக்க, ஈரலில் அந்த வாசலே இல்லாமல் உண்டாக்கப்பட்ட எலிகளை வரவழைத்திருந்தார்கள். இதைக் கேட்ட அன்று அப்பா, "அப்ப இதுங்களும் நம்ம வீட்டு ஆளுங்கதான்," என்று அவளிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

சிவப்புச் சீட்டு ஒட்டிய இருபது கூண்டுகள், நீலச் சீட்டு ஒட்டிய இருபது கூண்டுகள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கொழுப்புத் தீனி. ஒரு பக்கத்துப் புட்டிகளில் மருந்து கலந்த தண்ணீர், மறுபக்கத்தில் வெறும் தண்ணீர். எது எந்தப் பக்கம் என்பது அக்காவுக்கே தெரியாது. அவளுடைய பேராசிரியர் ஓர் உறையில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் பிரிப்பார்கள்.

அப்பாவுக்கு நாலாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தினமும் கையில் எடுக்கிறவருக்குத் தெரியாதா? நீலப் பக்கத்து எலிகளுக்கு முதுகில் முடி கொட்டித் தோல் சிவந்தது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டன. சிவப்புப் பக்கம் பளபளவென்று இருந்தது.

அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை புட்டிகளை மாட்டும்போது, சிவப்புப் பக்கத்துத் தண்ணீரை நீலத்துக்கும் நீலத்தினுடையதைச் சிவப்புக்கும் மாற்றி மாட்டினார். செவ்வாய்க்கிழமை பழையபடி. புதன்கிழமை மறுபடி மாற்றி. ஆளுக்கு ஒரு நாள். எட்டு வாரம், ஒரு நாள்கூடத் தவறாமல்.

பன்னிரண்டாவது வார முடிவில் எலிகள் போய்ச் சேர்ந்தன. அக்கா ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்து வயிறுவரை போகும் பெரிய குழாயை எடுத்து, நீளவாக்கில் கீறி, கறுப்பு மெழுகின்மேல் குண்டூசி குத்தி விரித்து, சாயம் ஏற்றினாள். கொழுப்பு படிந்த இடம் சிவப்பாகத் தெரியும். உறையைப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சிவப்பு. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கூண்டு கழுவும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவள் அழுததை அப்பா வாசலில் நின்று பார்த்தார். தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு மாதம் கழித்து அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போனாள். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்து அனுப்பினாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. பட்டப்பகலில் அப்பா சட்டென்று நிமிர்ந்து, "எங்கேயோ பிறாண்டுது பாரு," என்பார். அலமாரியை நகர்த்திப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாளில் எனக்கும் கேட்க ஆரம்பித்தது. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துக் கொட்டிவிடுவார். கோடைக்காலத்திலும் எங்களுக்கு ஒரே புட்டிதான். பழத்தைப் பங்கு போடுவதையும் விட்டுவிட்டார். முழுசாக என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போவார். அம்மாதான் இன்னும் போகாமல் வீட்டில் இருக்கிறாள் என்று நான் நம்பினேன். பயமாகவும் இருந்தது, அப்படியாவது இருக்கட்டுமே என்றும் இருந்தது.

என் முப்பத்துமூன்றாவது வயதில், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு வாடிக்கையாளருக்குச் சட்டத்தை மாட்டிவிட்டுக் காதோரம் சரிசெய்துகொண்டிருந்தபோது நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய் அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் என்கிற கம்பிவலை வைத்தார்கள். மறுநாள் டாக்டர் அப்பாவிடம் சொன்னார்.

"மாத்திரையில கொழுப்பு நல்லாவே இறங்கியிருக்கு. ஆனா குழாய்ச் சுவர்ல அழற்சி அடங்கல, உள்ள புண்ணு ஆறல. அதான் வெடிச்சிருக்கு."

டாக்டர் போனதும் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வருடம் மென்று விழுங்கியதை எல்லாம் கொட்டினார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களை யாருப்பா பங்கு போடச் சொன்னா?"

"மருந்து வேலை செய்யுதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுதேம்மா. அப்புறம் எதுக்குப் பாதியைச் சாக விடணும்? அதுங்களைப் பார்த்தா எனக்கு உங்கம்மாவைப் பார்க்கிற மாதிரி இருந்தது."

"சரி, செஞ்சீங்க. அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வேலை போயிருக்கும். அட்டை போயிருக்கும். உன் மாத்திரைக்கு நான் எங்கே போவேன்?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த மருந்து வெளியே வந்திருக்குமா, வந்து எனக்கு உதவியிருக்குமா, யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாமல் போகும்படி ஆக்கியதுதான் அவர் செய்த காரியம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசியபோது ஒன்றுதான் சொன்னேன். அக்காவைத் தேடிப் போய் நேரில் சொல்ல வேண்டும், நானும் வருவேன்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தாள். மூன்றாவது மாடியில் வீடு. நான் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மேசைமேல் திருத்தாத விடைத்தாள்கள். அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லி முடித்தார்.

"தினமுமா அண்ணா மாத்தினீங்க?"

"ஆமா மேடம். ஒரு நாள் சிவப்புக்கு, ஒரு நாள் நீலத்துக்கு. ஒரு நாள்கூட விடல." அந்த நேரத்திலும் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் விடைத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் இருக்க வேண்டியதுல பாதிதான் சிவப்பு இருந்தது. ரெண்டு பக்கமும். சாயம் சரியா ஏறல, உன் கை சரியில்லைன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். அதுக்கப்புறம் நுண்ணோக்கியைத் தொட்டாலே கை நடுங்கும். என் கை சரியாத்தான் இருந்திருக்கு இல்ல?"

"நல்ல கை மேடம்," என்றார் அப்பா. அழுதார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கோவிச்சிருப்பேன். அப்புறம் இன்னொரு தொகுதி எலி கேட்டு வாங்கியிருப்பேன். பன்னிரண்டு வாரம் அண்ணா. அவ்வளவுதான். ஏன் சொல்லல?"

"பயம் மேடம். வேலை போயிடுமோன்னு."

"ஒரு வேலைக்காகவா?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா மேடம். ஒரு வேலைக்காகத்தான்."

அவள் முகத்தில் ஒரு வெறுப்பு வந்து போனது. மரியாதை தெரிந்தவள், உடனே அதை அடக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"நீ நல்லா இருக்கியாம்மா? இளைச்சுப் போயிருக்கியே?"

"நல்லா இருக்கேன் அக்கா," என்றேன்.

கம்பிவலை வைத்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. நான் நல்லா இல்லை, அவர் வாயை மூடியது என்னால்தான் என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவள் அப்பாவை வேறு மாதிரி பார்த்திருப்பாள். ஆனால் என்னையும் வேறு மாதிரி பார்த்திருப்பாள். அவள் கையைக் கெடுத்தது எதற்காக என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்கத் தைரியமில்லை. வழியெல்லாம் அப்பாவைக் கோழை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு போனவள் நான்.

படியிறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை, நீ சொல்லல," என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார்.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. தூக்கத்திலேயே போனார், அவர் இரத்தக்குழாய்களில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் பிறாண்டும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அக்கா, இது உங்கள் கைக்கு எப்படியாவது வந்து சேரும் என்று நினைத்துத்தான் எழுதினேன். அன்று நான் பொய் சொன்னேன். அவர் வேலைக்காக வாயை மூடவில்லை, எனக்காக மூடினார். நான் உங்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.