வாப்பா போட்ட வாங்குகள்

சவளக்கடை வயல்வெளியில், மருத மரத்தின் கீழ், ஆறு நீள மர வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. நாற்பது ஆண்கள் அவற்றைச் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கும் உட்காரத் துணிவில்லை. பள்ளிக்கூடத்தில் அவற்றை இரவல் கேட்டு வண்டியிலேற்றி வந்தவர் என் வாப்பா. அந்த வயல்களுக்கெல்லாம் நீர் பங்கிடும் விதானை அவர். வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த எனக்கு ஏழு வயது.

போகந்தோறும் விதைப்புக்கு முன் தண்ணீர்க் கூட்டம் நடக்கும். வெள்ளைக்காரத் துரைக்கு ஒரேயொரு கதிரை. அவர் இருப்பார், ஊர் நிற்கும். தோளில் கிடக்கும் சால்வை கக்கத்துக்குப் போய்விடும். ஏன் சும்மா நின்றீர்கள் என்று இக்காலத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பது சுகம்! சுதந்திரம் வந்தது, துரை கப்பலேறினார், அதே கதிரையில் நம் நாட்டுக் காரியாதிகாரி வந்து அமர்ந்தார். சால்வைகளோ கக்கத்திலேயே இருந்தன. வாப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"துரைதான் போயிட்டாரே, இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க? இரிங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. வாப்பா தனியே போய் முதல் வாங்கில் அமர்ந்தார். காரியாதிகாரியின் முகம் கறுத்தது.

"விதானை, எழும்பும்!"

"தண்ணியப் பத்திக் கதைக்கத்தானே வந்த நாங்க, ஐயா. இரிந்து கதைப்பம்."

அந்த இடத்திலேயே வாப்பாவின் விதானை வேலை போயிற்று. "இந்த வேலைக்கு விருப்பமானவர் முன்னுக்கு வாரும்" என்றார் காரியாதிகாரி. முன்னுக்கு வந்தவர் என் மாமா, உம்மாவின் கூடப்பிறந்த காக்கா! ஒரு வரம்புத் தகராறில் மூன்று வருடமாக வாப்பாவோடு பேச்சில்லாதவர். அந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டது ஊரறிந்த விஷயம். யா அல்லாஹ்! வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமுன் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை.

மாமா கதிரையைக் கடந்து வந்தார். கக்கத்திலிருந்த சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"கொஞ்சம் தள்ளி இரி மச்சான்."

வாப்பா தள்ளி இருந்தார். பிறகு ஒவ்வொருவராக, சாரனை ஒதுக்கிக்கொண்டு, எல்லாரும் அமர்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் புல்லில் சப்பணமிட்டார்கள். வேலைக்கு ஆளில்லாமல் நின்றது அரசாங்கம்! இதை எழுதும்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது.

காரியாதிகாரி வாங்குகளை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து, தணிந்த குரலில் வாப்பாவிடம் கேட்டார்:

"சொல்லுங்க விதானையார், உங்களுக்கு எப்பத் தண்ணி வேணும்?"