கட்டிங் அக்கா சொல்லாமல் விட்டிருக்கக் கூடிய பதினோரு விநாடி

பெற்ற மகளின் படத்தையே பொறாமையால் கவிழ்த்துவிட்டாள் என்று மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அவர்களில் ஒருவராவது அன்று அந்த அறைக்குள் இருந்தாரா? பொறாமையாம்! எட்டு வருடமாகப் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்த மகளைப் படிக்க வைத்தவள் அவள். கட்டிங் அக்கா என்றால் தெருவுக்கே தெரியும். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. அதனால்தான் அவளைப் பற்றி மற்றவர்கள் நாற்பது வார்த்தை பேசுகிறார்கள்.

அவள் வேலை கீரை ஆய்கிற மாதிரி. மூன்று கேமராக்காரர்கள் நாள் முழுக்க எடுத்துவந்து கொட்டுவதை ஒன்றரை மணி நேரமாக ஆய்ந்து கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிப்பது இருக்கும், சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்பது இருக்கும், மற்றதெல்லாம் போகும். போவதில் சிலதை மட்டும் அவளுக்கு அழிக்க மனம் வராது. நாற்காலிக்கு அடியில் தூங்கும் குழந்தை. வேலை முடிந்து சுவரில் சாய்ந்த சமையல்காரர். அப்படித்தான் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவுடைய கைகள். மேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், திரும்ப மடிக்கிறார். முகம் கிடையாது. பதினோரு விநாடி. “இது எதுக்கு?” என்று அந்த வீட்டார் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்தாள். எடுத்து, கம்ப்யூட்டரில் ‘வேண்டாதவை’ என்று பெயரிட்ட இடத்தில் போட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பாள்.

மகளின் பள்ளியில் மாணவர் குறும்படப் போட்டி வந்தது. நடுவராக வரச் சொல்லி நாடக டீச்சர் வீடு தேடி வந்தார்.

“என் பொண்ணும் படம் எடுக்கிறா டீச்சர், சரிவராது.”

“படத்துல பேரே இருக்காதுங்க, நம்பர் மட்டும்தான். எது அவ படம்னு உங்களுக்கே தெரியாது.”

தெரியாதுதான். மகள் அதை அம்மா கண்ணில் காட்டவே இல்லை. தொழில்காரி வீட்டில் இருந்தும் அவளிடம் கேட்காமல் செய்து காட்ட வேண்டும் என்று பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே வெட்டி முடித்திருந்தாள். அந்த வீம்பு எந்தப் பக்கத்துச் சொத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி ஆய்வகத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படம் போட்டார்கள். நாடக டீச்சர், கணக்கு வாத்தியார், அவள். பன்னிரண்டு படத்தில் ஐந்தில் பேய் வந்தது. மூன்றில் கடைசியில் எல்லோரும் மரம் நட்டார்கள். ஒன்பதாம் எண் படத்தில் மகளை விடுதியில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும் அப்பாவாகப் பள்ளி வாட்ச்மேன் நடித்திருந்தார். பேச்சு அதிகமில்லை, நன்றாகவே போயிற்று. முடிவில் அந்தக் கைகள் வந்தன.

கணக்கு வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். “இந்த ஒரு ஷாட்டுக்கே முதல் பரிசு குடுக்கலாங்க.” நாடக டீச்சர் அதற்குள் பத்துக்குப் பத்து எழுதிவிட்டார்.

எல்லாக் காட்சியையும் மாணவர்களே எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் போட்டியின் முதல் விதி. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. மகள் மேடை ஏறியிருப்பாள். கட்டிங் அக்கா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள்.

“ஒம்பது என் பொண்ணு படம். அந்தக் கையை அவ எடுக்கல. என் கம்ப்யூட்டர்ல கிடந்தது.”

“சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா” என்றார் வாத்தியார்.

“இருந்திருக்கலாம்” என்றாள்.

பரிசு மரம் நட்டவர்களுக்குப் போயிற்று. ஆனால் நாடக டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் எல்லாப் பள்ளிப் படங்களையும் சேர்த்துத் திரையிடுகிறார்கள், அந்தப் பதினோரு விநாடிக்குப் பதிலாகச் சொந்தமாக எடுத்து வந்தால் ஒன்பதாம் எண் படத்தையும் அனுப்புகிறேன் என்றார்.

வீட்டில் மகள் குதித்தாள்.

“நீயே வேணாம்னு தூக்கிப் போட்டதுதானே! குப்பையில இருந்து எடுத்தா திருட்டா?”

“குப்பைன்னா அழிச்சிருப்பேன்.”

“அப்ப என் படந்தான் குப்பையா?”

“அந்தக் கை இல்லாமலே ஒம்பது மார்க் போட்டிருப்பேன்.”

“பத்து இல்லையா?”

“நடுவுல அந்த பஸ் ரொம்ப நேரம் போகுது.”

கதவைப் படாரென்று சாத்தினாள். பதினேழு நாள் பேச்சில்லை. உப்பு வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மாவுக்கு இது போதாதா? கதை நாலு தெரு சுற்றி வந்தது. கட்டிங் அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை, மகளைக் கெஞ்சவும் இல்லை. ஆனால் அந்தப் பதினேழு நாளில் ஒரு கல்யாணத்தைக்கூட அவளால் வெட்டி முடிக்க முடியவில்லை.

மகளோ வாட்ச்மேன் கையில் கைக்குட்டையைக் கொடுத்து நாலு நாள் மடிக்க வைத்தாள். அவர் பாவம், துணிக்கடைக்காரர் மாதிரி மடித்தார். “போதும் அண்ணே, நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு, சலிப்பில் கேமராவை நிறுத்த மறந்து வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் வகுப்பறையைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலு எட்டுப் போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

பதினெட்டாம் நாள் அவள் பின்னறைக்கு வந்து கேமரா கார்டை மேசையில் வைத்தாள். “பாரு.”

அம்மா பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“இது நான் எடுக்கலம்மா, தானா விழுந்துச்சு.”

“கேமராவை அங்க வச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீ எடுத்ததுதான்.”

“பஸ்ஸையும் குறைச்சுட்டேன்” என்றாள் மகள், சுவரைப் பார்க்காமல்.

திரையிடும் நாளன்று மகளே கூப்பிட்டாள். “நடுவரா இல்ல, சும்மா வா. கடைசி வரிசையில உக்காரு. பஸ் வரும்போது வாயைத் திறக்கக் கூடாது.” கட்டிங் அக்கா பாதியில் நின்ற கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

படியில் தையற்காரம்மா வழி மறித்தாள். “என்ன கட்டிங் அக்கா, இன்னிக்கு யார் படத்தைக் கவிழ்க்கப் போறே?”

“உன் படம் இருந்தா குடு, போற வழிதான்.”

தெருக்கதவு வரை வந்தவள் சட்டென்று திரும்பி மாடி ஏறினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். நாலு படி இறங்கி, மறுபடியும் ஏறி இழுத்துப் பார்த்தாள்.

கீழே காத்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அம்மா, நீயுமா! ஐயோ, கேமராவை எடுத்துட்டு வராம போனேனே!”

“பூட்டு லூசா இருக்குடி. நட, நேரமாச்சு” என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, கட்டிங் அக்கா அவளுக்கு முன்னால் தெருவில் கால் வைத்தாள்.