முசிறி முறுக்கு எல்லை கடந்த விதம்

சுங்க முகவர் தொழில் என்பது, ஒருவருடைய சரக்கை இன்னொருவர் நம்பும்படி மூன்றாமவர் எழுதித் தருவது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் அப்படியொரு நிலையத்தில் எழுத்தராக இருந்தேன். கீழே உள்ளவற்றுள் ஈப்போவிலும் அதன் பகுதியான புந்தோங்கிலும் நடந்தவை நான் நேரில் கண்டவை. எல்லையில் நடந்தது, லாரி ஓட்டுநர் மணியம் திரும்பிவந்த மறுநாள் காலை அலுவலகத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் சொன்னது. பிறகு பலர் வாயிலாகவும் இதைக் கேட்டிருக்கிறேன். வேறுபாடுகளைக் கடைசியில் குறிக்கிறேன். எல்லைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, மறுபடி மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு அதிக விளக்கம் தேவையிராது.

கூட்டத்தில் ஒரு கேள்வி

மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட அண்டை நாடுகள் ஐந்தும் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று தீர்வையைக் குறைப்பதென்று உடன்பட்டிருந்த காலம் அது. சிறு வியாபாரிகளுக்காக ஈப்போவில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அதிகாரி ஒருவர் வரைபடத்தைக் கோலால் தொட்டுத் தொட்டு, எல்லைகள் கதவுகளாகத் திறக்க வேண்டும் என்று மலாயில் பேசினார். எங்கள் முதலாளி, யாழ்ப்பாணத்தவரான நமசிவாயம் ஐயா, அதைத் தமிழில் சொன்னார்.

பின்வரிசையில் இருந்த வேலு புந்தோங்கில் முறுக்குச் சுட்டு விற்பவர். எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் ஹாட்யாயில் கடை வைத்திருந்த ஒருவர் ஈப்போ வந்தபோது அவருடைய முறுக்கைத் தின்று பார்த்து, தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி வேலு பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் பிடித்திருந்தார். சுங்காய் ஊர்த் தோட்டமொன்றில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது வேலை இழந்த பெண்கள் சிலரை வரவழைத்து அடுப்பில் நிறுத்தியுமிருந்தார். முழுத் தீர்வை கட்டினால் அந்த விலைக்கு ஹாட்யாயில் எவரும் வாங்கமாட்டார். பெண்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். பேச்சு முடிந்ததும் வேலு எழுந்தார்: "கதவு தொறக்குறது சரி லா. உள்ள வர்றவன்கிட்ட நீ எந்த ஊருன்னு கேப்பாங்களா, மாட்டாங்களா?"

தாளும் தகரமும்

கேட்பார்கள் என்பதே விதி. சலுகை பெறும் சரக்கு, உடன்பட்ட நாடுகளுள் ஒன்றில் செய்யப்பட்டிருக்க வேண்டும்; இந்தியா அவற்றுள் இல்லை. அதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதை நான் எழுதி முத்திரையும் வாங்கிவிட்டேன். வேலு மாதிரிக்கு ஒரு தகரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சுற்றி ஒட்டியிருந்த தாளில் ஒரு கோபுரம். அதன்கீழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'அசல் முசிறி முறுக்கு'. முசிறி, வேலுவின் தகப்பனார் விட்டுவந்த ஊர். வேலு பிறந்தது சுங்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். முசிறியை அவர் கண்டதே இல்லை. புந்தோங்கில் அதை யாரும் குறையாக எண்ணவில்லை. அங்கே பலகாரத் தகரம் ஏதாவதொரு இந்திய ஊரின் பெயரைச் சுமந்தால்தான் விலைபோகும்.

ஐயா தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரை மாத்துங்கோ" என்றார்.

"முசிறின்னு போட்டாத்தான் ஐயா நம்ம ஆளுங்க தொடுவாங்க. அப்பா ஊரு வேற. அத எப்படி எடுக்குறது?"

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்: "தாள் ஒண்டு சொல்லுது, தகரம் வேறொண்டு சொல்லுது. எல்லையில நிக்கிறவன் என்ரை தாளைத் தின்னப் போறதில்லை, வேலு."

படாங் பெசாரில்

மணியம் சொன்னபடி: வேலு பெயரை மாற்றவில்லை, முதல் சரக்கோடு தாமும் லாரியில் ஏறிக்கொண்டார். படாங் பெசார் எல்லைச் சாவடியில் தாய்லாந்துப் பக்கத்து அதிகாரி சான்றிதழைப் பார்த்தார். பிறகு தகரத்தைப் பார்த்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். மூடியைத் திறந்து ஒரு முறுக்கைக் கடித்தார், இன்னொன்றையும் எடுத்தார். காரியம் முடிந்தது என்று மணியம் நினைத்தாராம். அப்போது அதிகாரி சிரித்தபடியே, முசிறி எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

பேசாமல் இருக்கும்படி மணியம் வேலுவின் காலை மிதித்தார். ஆனால் தம் முறுக்கை ரசித்துத் தின்றவர் ஊர் கேட்கும்போது வேலுவால் சும்மா இருக்க முடியுமா? இந்தியாவில், காவிரிக் கரையில் என்று தொடங்கி, ஆற்றின் அகலத்தைக் கைகளை விரித்தே காட்டிவிட்டார். அதிகாரி விரல்களைத் துடைத்துக்கொண்டு முழுத் தீர்வை கேட்டார். லாரி திரும்பியது. வண்டி அலோர் ஸ்டார் நகரைத் தாண்டியது. பிறகு மணியம் சொன்னார்: "அண்ணே, ஒங்க அப்பாவ யாரும் விசாரிக்கல. முறுக்கு எங்க சுட்டதுன்னுதான் கேட்டான்."

அடுப்படியில்

சான்றிதழைத் திரும்பப் பெற நான் புந்தோங் போனபோது, திரும்பிவந்த தகரங்கள் வாசல்வரை அடுக்கியிருந்தன. சுங்காய்ப் பெண்கள் பிழிவதை நிறுத்திவிட்டு வேலுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகச் சொல்வாரா என்பதுதான் அவர்கள் கவலை.

"பேர எடுத்தா அப்பாவையே எடுத்த மாதிரி இருக்கு" என்றார் வேலு.

அவர் மனைவி காமாட்சி கையில் சாரணிக் கரண்டியோடு திரும்பினார்: "மாவு ஈப்போ மில்லுல அரைச்சது. தண்ணி புந்தோங் பைப்பு. புழியிறது சுங்காய்ப் பொம்பளைங்க. வேத்து ஊத்துறது நானு. முசிறி இதுல எங்கங்க வேல செஞ்சிச்சு?"

மலைப் படம்

புதிய தாளில் கோபுரம் இல்லை. ஈப்போவின் சுண்ணாம்பு மலையும் 'புந்தோங் முறுக்கு' என்ற பெயரும் இருந்தன. அடுத்த சரக்கு அதே சாவடியில், அதே அதிகாரியின் முன்னால், குறைந்த தீர்வையில் கடந்தது. இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை, முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பது மணியத்தின் வாக்கு. பெண்கள் வேலையில் நிலைத்தார்கள்.

தொல்லை புந்தோங்கிலேயே வந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் என் கண்முன் புதிய தகரத்தைத் திறந்து, ஒன்றைத் தின்று, முகத்தைச் சுளித்தார்: "என்ன அண்ணே, கைப்பக்குவத்த மாத்திட்டீங்களா? முசிறி ருசி போயிருச்சே லா!"

பிறர் சொல்லும் முடிவுகள்

இதன்பின் நடந்ததில் சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. தைப்பிங்கில் கேட்ட வடிவில், வேலு எல்லைக்கு மலையும் உள்ளூருக்குக் கோபுரமுமாக இருவகைத் தாள் ஒட்டினார். மணியத்தின் வடிவில், புந்தோங்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே புதிய பெயருக்குப் பழகிப்போனார்கள். எண்பதுகளின் நடுவில், அந்த அடுப்பில் நின்ற பெண்களுள் ஒருவர் சுங்காயில் எனக்குச் சொன்னது வேறு: வேலு ஒருமுறை முசிறிக்கே போய், மிச்சமிருந்த கோபுரத் தகரம் ஒன்றை உறவினருக்குக் கொடுத்தாராம். அவர்கள் ஆளுக்கொன்று கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம்: "மலேசியா முறுக்கு நல்லாத்தான் இருக்கு."

இம்மூன்றில் எது நடந்தது என்று என்னால் அறுதியிட முடியவில்லை. ஆனால் நான் எழுதிய எந்தப் பிறப்பிடச் சான்றிதழும் அந்த உறவினர் சொன்ன அளவுக்குத் தெளிவாக இருந்ததில்லை.