மைத்துனருக்கு மறைத்த கலவை

எங்கள் பக்கத்துப் பட்டாசு முதலாளிகள் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மருந்துக் கலவையில் எது எவ்வளவு என்று மட்டும் சம்பந்தியிடம்கூட மூச்சுவிட மாட்டார்கள். கல்லூரியில் வேதியியல் வாத்தியாரான எனக்கும் அதே புத்திதான். புகை குறைவாக வரும் கலவை ஒன்றை என் ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்திருந்தாள். பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிக்காரி. நாலு வருட உழைப்பு. முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, பட்டாசு ஆலை வைத்திருக்கும் என் மைத்துனர் ஆய்வகத்துக்கு வந்தார். நான் பாய்ந்து போய், கலவையின் அளவுகள் எழுதியிருந்த கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் மாப்ளே, நான் என்ன களவாங்கவா வந்திருக்கேன்?”

“அதெல்லாம் இல்ல மச்சான், சும்மா காத்தாட நிக்கேன்.”

மின்விசிறி ஓடவில்லை.

அப்பேர்ப்பட்ட காவல்காரனான எனக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. ‘உலகின் முன்னணி அறிஞரே’ என்று ஆரம்பித்திருந்தார்கள். அடடா! மனைவிக்கு அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஆலோசகர் பதவி தருவார்களாம், விமானச் சீட்டு தருவார்களாம். பதிலுக்குக் ‘கொஞ்சம் விவரம்’ வேண்டுமாம். நானா கொஞ்சமாகக் கொடுப்பவன்? அளவுகள், சோதனை முடிவுகள், படங்கள் என்று பதினாலு பக்கம் அனுப்பிவைத்தேன். வெளிநாட்டுத் தொடர்பு உண்டா என்று பல்கலைக்கழகம் கேட்ட படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அது தொடர்பா என்ன, எனக்குக் கிடைத்த மரியாதை அல்லவா!

விமானச் சீட்டு வரவேயில்லை. நாங்கள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், அதே கலவைக்கு அந்த நிறுவனம் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருப்பது தெரிந்தது.

மாணவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

“கவலைப்படாதம்மா. நான் அனுப்புன மெயில்ல தேதி இருக்குல்ல? கலவை நம்மளுதுன்னு அதுவே சாட்சி.”

“அதுல என் பேரு எங்கன இருக்கு சார்?”

கணினியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். ‘என் கண்டுபிடிப்பு’, ‘நான் செய்த சோதனை’. பக்கத்துக்குப் பக்கம் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசிப் பக்கத்தில் ஒரு படம். கலவைக் கிண்ணத்தைப் பிடித்த இரண்டு கைகள். இடம் போதவில்லை என்று முகத்தை வெட்டியிருந்தேன்.

அவள் திரையில் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது என் கை சார்,” என்றாள்.