நான் எழுதாமல் விட்ட வசனம்

அண்ணி எடுத்த சீட்டின் மறுபக்கத்தில் யாருடைய கல்யாணத்துக்கோ அச்சடித்த பெயர்கள் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தன. எங்கள் எஸ்டேட் சபையில் வாக்குத்தத்தச் சீட்டு தயாரிப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஆளுக்கொரு வேத வசனம் எழுதுவேன். புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் காணிக்கைத் தட்டில் அவற்றைக் கவிழ்த்து வைப்போம். யார் கைக்கு எது வருகிறதோ, அந்த வருடம் முழுக்க அதுதான் அவருக்குக் கடவுள் கொடுத்த சொல். பீரோ கதவில் ஒட்டுவார்கள், பெண் பார்க்கப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை நினைத்துக்கொண்டே போவார்கள். நல்ல வசனமாகப் பார்த்து எழுதச் சொல்லி பாஸ்டர் ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவூட்டுவார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிப்பவர்களுக்கு வருடத்தின் முதல் நாளிலேயே பயமுறுத்தும் வசனத்தை யார் கொடுப்பார்கள்?

அந்த வருடம் அண்ணிக்குப் பயப்படக் காரணம் இருந்தது. குந்தா பக்கத்து எங்கள் மேல்காட்டில் சில்வர் ஓக் மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டியவர்கள், தடுக்க வந்த வாட்சரை அடித்தே கொன்றார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த அண்ணி அதைக் கண்ணால் பார்த்தாள். வேறு சாட்சி கிடையாது. மார்ச்சில் ஊட்டி கோர்ட்டில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் வெட்டியவர்களின் ஆட்கள் இரண்டு பேர் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கே வந்து, சாந்தமாகப் பேசி, தேநீரும் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாந்தம்தான் எங்களைப் பயமுறுத்தியது. கேஸ் முடியும்வரை கோயமுத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கும்படி கெஞ்சினேன். சரி என்று துணியைப் பையில் எடுத்து வைத்தாள். புத்தாண்டு கழித்துப் புறப்படுவதாகத் திட்டம்.

தட்டில் அவள் கைக்கு வந்தது, தலைமயிரில் ஒன்றுகூட அழியாது என்ற வசனம். லூக்காவில் இருப்பது. எழுதும்போதே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. அதற்கு இரண்டு வசனம் மேலே, சொந்தக்காரர்களே உங்களைக் காட்டிக்கொடுப்பார்கள், உங்களில் சிலரைக் கொல்லவும் செய்வார்கள் என்று அதே இயேசு அதே மூச்சில் சொல்கிறார். கொன்ற பிறகு மயிர் அழியாமல் என்ன ஆகப்போகிறது? முன்பு ஒருமுறை பாஸ்டரிடம் கேட்டேன். அது ஆத்துமாவைப் பற்றியது என்றார். வேதத்தில் ஓரிடத்தில் பொல்லாதவர்களின் திட்டத்தைக் கடவுள் குலைத்துப்போடுவார் என்கிறது. இன்னோரிடத்தில், ராஜா ஆசைப்பட்ட திராட்சைத் தோட்டத்துக்காக அதன் சொந்தக்காரன் நாபோத்தின் மேல் பொய்சாட்சி சொல்லிக் கல்லெறிந்து கொல்கிறார்கள். போட்ட திட்டம் ஒரு பிசகும் இல்லாமல் நடக்கிறது. ஓர் ஊரில் துன்பப்படுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடிப்போகவும் இயேசுவே சொல்லியிருக்கிறார். அந்த வசனத்தை நான் எந்த வருடமும் சீட்டில் எழுதியதில்லை.

அண்ணி கோயமுத்தூர் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, பனிமூட்டத்தில் கொழுந்து எடைபோடும் ஷெட்டுக்கு நடந்தவளை ஒரு பிக்கப் வண்டி அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. விபத்து என்று எழுதினார்கள். சாட்சி இல்லாமல் அந்தக் கேஸும் போயிற்று. குளிப்பாட்டும்போது பார்த்தேன், இடுப்புக்குக் கீழே சிதைந்திருந்தது, பின்னல் மட்டும் கலையவே இல்லை. அடக்க ஆராதனையில் பாஸ்டர் அவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்து பேசினார். வசனத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் நின்றாளாம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிட அண்ணிமேல் வந்தது. இப்படியா ஒரு துண்டுக் காகிதத்தை நம்புவாள் என்று மூன்று வருடம் மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டியது என் குற்றத்தை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

போன டிசம்பரில் பாஸ்டர் மறுபடி சீட்டு எழுதச் சொன்னபோது என்னால் முடியவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த வசனத்துக்கு மேலே வேறொன்று இருந்தது, தெரிந்தே நான்தான் விட்டுவிட்டேன் என்று சொல்லி அழுதேன். அவன் விறகைக் கீழே வைக்கவில்லை.

"அவ அன்னிக்கே பைபிளை எடுத்துப் பாத்துட்டா, அம்மிணி. 'ஏனுங்க, கொல்லுவாங்கன்னும் இதுலயே போட்டிருக்குதுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க, போயிரலாமுங்க'ன்னா."

கையிலிருந்த விறகை அடுக்கின் மேல் வைத்தான்.

"நாந்தான், உனக்குச் சீட்டுல வந்தது அந்த வசனம் இல்லையேன்னு சொன்னேன். துணியெல்லாம் எடுத்து நானே மறுபடி பீரோல அடுக்குனேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல."