காற்றில்லாத அணையில் பாய்ப்படகு

என் வீட்டுக்காரருக்குப் பாய்ப்படகு ஓட்டத் தெரியும் என்று சொன்னால் எருமப்பட்டிப் பக்கத்தில் என் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் உண்டு. கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தெரியாத மேட்டுக்காடு அது. நானே கல்யாணமாகி மேட்டூருக்கு வந்த அன்று, அணைக்குள் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு மயக்கம் வந்து உட்கார்ந்தவள்தான்.

அவர் அணைப் பட்டறையில் பிட்டர், மிஷின்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருந்தார். அதன் ஆணி, பூட்டு, கயிறு பார்க்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரருக்கு அந்தப் படகின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. துரையோடு ஏறி ஏறிப் பழகி, கடைசியில் துரை ஊரில் இல்லாதபோது படகை வெள்ளோட்டம் விட்டுவரும் பொறுப்பும் இவருக்கே வந்துசேர்ந்தது. வீட்டுக்கு வந்தால் அதே பேச்சு. படகின் அடியில், தண்ணீருக்குள், ஈயம் வார்த்த கனமான தகடு ஒன்று தொங்குகிறதாம். அந்தக் கனம் இருப்பதால்தான் படகு கவிழாதாம். காற்று ரொம்பக் கொஞ்சமாக இருந்தாலும், ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால், காற்றின் வேகத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே அதுவும் போகுமாம்.

"காத்து நிக்கறாப்புல இருந்தாலுமா?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் ஓட்டறவனோட கெட்டித்தனம் தெரியும் புள்ள. படகு நகர ஆரம்பிச்சா அதும்பட நகர்ச்சிலயே இன்னுங்கொஞ்சம் காத்து உண்டாவும். அந்தக் காத்தும் பாய்ல சேர்ந்துக்கும்."

தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று இரவு சோற்றுக்கு மறுசோறு கேட்கவில்லை.

இரண்டாம் முறை நான் முழுகாமல் இருந்த சமயம் அது. முதல் பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். முறைப்படி தாய்வீட்டுக்குப் போய், அங்கே நோவு கண்டு, நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். பாதி வழியில் மாடு படுத்துக்கொண்டது. எழுப்பி ஓட்டி ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் இந்த முறை யார் கூப்பிட்டாலும் தாய்வீட்டுக்குப் போகமாட்டேன், அணைக் கேம்ப் ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இருந்தேன் என்கிறேனே தவிர, எட்டாம் மாதத்தில் நகர்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரரின் அக்காளுக்கு அணையின் அக்கரையில் வீடு. அவளை நான் நங்கை என்று கூப்பிடுவேன். அவளுடைய மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து நடக்காது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஏழு மாதத்துக்குமேல் ஆற்றைத் தாண்டக்கூடாது என்பதும் எங்களில் உண்டு. நான் அதைச் சொன்னபோது, அழைக்க வந்திருந்த நங்கை யோசிக்கவே இல்லை.

"ஓடுனாத்தான அது ஆறு அம்மிணி? இங்க வந்து நின்னு போச்சே. நின்ன தண்ணி ஏரிக் கணக்கு. ஏரியத் தாண்டுனா தோசமில்ல."

அணை கட்டினவர்கள் இதைக் கேட்டிருந்தால் காவேரியைக் காணோம் என்று தேடியிருப்பார்கள். ஆனால் எனக்கும் போக ஆசை இருந்தது. யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் கேம்ப்பின் மோட்டார் படகு கரையில் கிடந்தது. துரை தன் படகை எடுத்துப்போகச் சொன்னார். போகும்போது மேல்காற்று சுகமாக அடித்தது. அக்கரை சேர்ந்ததே தெரியவில்லை. இவர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் காதுகுத்து முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது எனக்கு இடுப்பில் நோவு வந்தது. கூடவே இரத்தமும் பட்டது. அந்த ஊர் மருத்துவச்சி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வண்டிப்பாதை என்றால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் மாட்டவே மாட்டேன் என்றேன். பரிசலில் போகலாம் என்றார் ஒருவர். பரிசல் தோலில் கட்டின கூடை. அதில் குந்தி உட்காரலாம், கால் நீட்டிப் படுக்க முடியாது. பாய்ப்படகில் படுக்கலாம். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். இலை அசையவில்லை. "ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

படகின் நடுப்பள்ளத்தில் பலகைமேல் ஜமக்காளம் விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். கூட வந்தது நங்கை ஒருத்திதான். ஐந்து பெற்றவள், கை நடுங்காதவள். அணைக் கேம்ப் தெற்கே இருந்தது. படகின் மூக்கும் தெற்கே. வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பதால் என் தலையை மூக்குப் பக்கம் வைத்து, காலைப் பின்பக்கம் நீட்டவைத்தாள். பின்பக்கத்தில் சுக்கான் கட்டையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்தார்.

கொஞ்சதூரம் வரைக்கும் படகு போனது. பிறகு போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பாய் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. அவர் தோள்துண்டிலிருந்து ஒரு நூலை உருவிப் பக்கத்துக் கயிற்றில் கட்டினார். அந்த நூல் எந்தப் பக்கம் அசைகிறது என்பதைத்தான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கேயிருந்து மூச்சுவிடுகிற அளவுக்கு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீ காத்து வர்ற பக்கம் உக்காராத. கெழக்கால வந்து உக்காரு. இவளயும் அந்தப் பக்கம் ஒருக்களிச்சாப்புல தள்ளிப் படுக்க வெய்யி. படகு அந்தப் பக்கம் சாஞ்சாத்தான் பாய் தன் கனத்துல வயிறு விட்டு உப்பும்."

"சாஞ்சா கவுந்துராதாடா?"

"கவுறாது. பொறவு யாரும் அசையாதீங்க. அசைஞ்சா பாய் உதறும், உதறுனா புடிச்ச காத்தெல்லாம் கொட்டிப் போயிரும்."

அசையாதே என்று பிரசவ வேதனையில் கிடப்பவளிடம் சொல்கிற ஆண்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். காது பலகையோடு ஒட்டியிருந்தது. பலகைக்கு அந்தப்புறம் தண்ணீர் மெதுவாக முணுமுணுப்பது கேட்டது. சத்தம் இருந்தால் படகு போகிறது, சத்தம் நின்றால் நின்றுவிட்டது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு நோவைவிட அந்தச் சத்தம் நிற்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அது நிற்கும்போதெல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே துடிக்கிறதா என்று பார்ப்பேன். துடித்ததும் மறுபடி காதைப் பலகையில் வைப்பேன்.

"வேகமாத்தான் போறோம் புள்ள" என்றார் அவர். அப்போது சத்தமே இல்லை.

ஒருமுறை நோவு தாங்காமல் நான் அலறியபோது அவர் பதறிச் சுக்கான் கட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டார். உடனே தண்ணீர் வாயடைத்துவிட்டது. அந்த ஈயக்கனம் ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்ப எத்தனை நேரம் பிடிக்கிறது என்பதை அன்று பார்த்தேன். நூல் அசைகிறது, பாய் உப்புகிறது, படகு மட்டும் யாரோ அழைக்கட்டும் என்று காத்திருக்கிற சம்பந்தி போல நிற்கிறது. இந்த மனிதர் பதறினால் என் பிள்ளை பிழைக்காது என்று எனக்குத் தெரிந்துபோனது.

"நோவு கொறஞ்சுருச்சுங்க. நீங்க பைய ஓட்டுங்க" என்றேன். நங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

முழுகிப்போன ஊரின் பனைமரம் ஒன்று தண்ணீருக்குமேல் மொட்டையாக நின்றது. அதைத் தாண்டினால் பாதி வழி என்பார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அது அதே இடத்தில் இருந்தது. இதற்குள் மீன்பிடிக்கிற பரிசல்காரர் ஒருவர் பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டினார். "கயிறு போடுங்க, இழுக்கறேன்" என்றார். அடியில் ஈயத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற படகை ஒற்றைப் பரிசல் இழுத்துவிட முடியாது என்று இவர் சொல்லி, ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லச் சொன்னார். பரிசல்காரர் துடுப்பைப் போட்டு முன்னால் போய்விட்டார். காற்றின் வேகத்துக்குப் போகிற படகு பரிசலுக்கு வழிவிட்ட கதையைச் சொல்லி இவரைக் கேலி செய்ய எனக்கு அப்போது தெம்பில்லை.

பனைமரம் ஒருவழியாகப் பின்னால் போனது. அதற்குமேல் பிள்ளை பொறுக்கவில்லை. தலை தட்டுகிறது என்றாள் நங்கை. அங்கேதான் தகராறு வந்தது. அவள் தம்பி உட்கார்ந்திருக்கிற பக்கம் நான் கால் நீட்டிக் கிடக்கிறேன். அப்படியே பிரசவம் பார்க்க முடியாது. திருப்பிப் படுக்கவைத்தால் என் தலை வடக்கே போகும். நடுவில் கம்பளியைத் தொங்கவிடலாம் என்றாள். கம்பளி பாய்க்கு வருகிற கொஞ்சம் காற்றையும் மறித்துவிடும் என்றார் அவர்.

"அப்படின்னா படகக் கொஞ்சம் கோணலா உடுடா தம்பி. வடக்குக்கு நேராப் படுக்கப்படாது. மூலையாட்டம் இருந்தாப் பரவால்ல."

"சுக்கானத் திருப்புனா நின்னுபோகுமக்கா."

"தல வடக்க இருந்தா உசுரு நிக்காதுடா."

இரண்டு பேருக்கும் என்மேல் இருந்த அக்கறையில்தான் அந்தச் சண்டை. ஆனால் என் காதில் தண்ணீர்ச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. முதல் பிள்ளையை மாடு படுத்துக் கொன்றது. இதைத் திசை பார்த்துக் கொல்லப்போகிறார்களா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தல எங்க இருந்தாலும் அது என்ற தலதானுங்க நங்கை. என்னத் திருப்பிப் போடுங்க. அவுரு பாயப் பாக்கட்டும். நேராப் போகட்டும். இனி ஆராச்சும் பேசுனீங்கன்னா நான் தண்ணிக்குள்ள எறங்கி நடந்தே போயிருவேன்."

நங்கை படகு குலுங்காமல் என்னை மெல்லத் திருப்பினாள். தலை வடக்கே போனது. "டேய், நீ கீழ குனிஞ்சு பாக்கப்படாது" என்று தம்பிக்கு மட்டும் ஒரு உத்தரவு போட்டாள். இப்போது அவருடைய காலடியில் என் தலை. கீழேயிருந்து பார்த்தால் அவர் மோவாயும் தொண்டையும்தான் தெரிந்தன. மோவாய் பாயின் உச்சியைப் பார்த்து நிமிர்ந்தபடியே இருந்தது.

பிள்ளை பிறந்தது. பிறந்து அழவில்லை. நங்கை அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். வாயில் விரல் விட்டுத் துடைத்து மறுபடி தட்டினாள். அந்த நேரத்தை நான் வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது. அது முதல் பிள்ளையின் நேரம். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது பெரிதானது.

"அழுவுதுடா. இப்பத் திரும்பிப் பாரு சாமி" என்றாள் நங்கை.

அவர் திரும்பவில்லை.

பிள்ளை வந்த பிறகும் எனக்கு இரத்தம் நிற்கவில்லை. ஜமக்காளம் நனைந்து முதுகுக்கு அடியில் சூடாக இருந்தது. நங்கை சேலையைக் கிழித்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் குரல் மாறியதிலிருந்தே அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளை கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கத்திக்கொண்டிருக்க, பாயின் உச்சியையும் நூலையும் மட்டும் பார்த்தபடி அந்த மனிதர் கல்லாக உட்கார்ந்திருந்தார். சுக்கான் கட்டையை இரண்டு விரலால்தான் பிடித்திருந்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அது நிற்கவே இல்லை.

நங்கை சாகிற வரைக்கும், இப்படிக் கல்நெஞ்சுக்காரனை என் வயதில் பார்த்ததில்லை, பிள்ளை அழுகிறது, தலையைத் திருப்பவில்லையே என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் ஒரு தடவையும் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவளுக்கு அது புரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

படகு கரையில் முட்டியதைப் பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்டிரெச்சரோடு தண்ணீருக்குள் இறங்கி நின்றார்களாம். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். சுக்கான் கட்டையை விட்டுவிட்டு அவர் முதல் முறையாகக் குனிந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார்.

"இருக்கயா புள்ள?" என்றார்.

"இருக்கறனுங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டார்.